பாஸ் மார்க் முந்நூறு

பிள்ளையார்பாளையத்தில் மயில்வாகனத்தை எல்லோரும் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்குத் தலைவர் என்று கேட்டால் பதில் சொல்லச் சற்று நேரமாகும். நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு, வாசகசாலை ஒன்றுக்கு, கோயில் உற்சவக் கமிட்டிக்கு, இவை போக அவரைத் தவிர யாரும் சேராத ஒரு மன்றத்துக்கு. கட்சி மேடையில் ஏறினால் பகுத்தறிவு பேசுவார். இறங்கி வீட்டுக்கு வந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் தலைக்கு எண்ணெய்கூட வைக்க மாட்டார். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குப் பட்டதே இல்லை. மேடை வெளியே இருந்தது, பஞ்சாங்கம் உள்ளே இருந்தது. இரண்டும் சந்தித்துக்கொள்ள வழியில்லை.

அவருடைய ஒரே மருமகள் தையல்நாயகி, மாகறலிலிருந்து வாழ வந்தவள். கல்யாணமாகி இரண்டு வருஷம் வயிறு திறக்கவில்லை. இரண்டு வருஷமும் அவளைத்தான் மருந்துக்கும் விரதத்துக்கும் உட்படுத்தினார்கள். மாமியார் காமாட்சியம்மாள் வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தாள், மலைவேம்பு இடித்துக் கொடுத்தாள், ஈரப்புடவையோடு அரசமரத்தைச் சுற்றச் சொன்னாள். எல்லாவற்றையும் விழுங்கி, எல்லாவற்றையும் சுற்றிவிட்டு வந்து, தையல்நாயகி தார் சுற்றும் ராட்டையின் முன் உட்கார்ந்துகொள்வாள். அவள் சுற்றிப் போடும் பட்டிழையை எதிரே தறியில் அவள் புருஷன் மாணிக்கவாசகம் நெய்துகொண்டிருப்பான். நல்ல பையன். இருபத்தைந்து வயதில் ஒரு கைத்தறிப் புடவையில் யானை, மயில், ருத்ராட்சம் எல்லாம் கொண்டுவந்துவிடுவான். அப்பாவின் எதிரில் ஒரு முழு வாக்கியம் கொண்டுவர மாட்டான்.

கடைசியில் லில்லி டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுகிட்ட ஒரு கோளாறும் இல்ல. அவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்க" என்று மெட்ராஸ் டாக்டர் ஒருவரின் பெயரைச் சொன்னாள்.

"என் மவனையா?" என்றார் மயில்வாகனம். அந்த வார்த்தையை அவர் மூன்று நாள் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தார். நாலாம் நாள், விஞ்ஞானத்தைக் கண்டு அஞ்சுகிறவன் தான் இல்லை என்ற முடிவுக்கு வந்து, மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறினார்.

டாக்டர் வரதராஜன் சின்ன வயசுக்காரர். பதற்றமில்லாமல் விஷயத்தைச் சொன்னார். முதலில் விந்தைப் பரிசோதிக்க வேண்டும், ஒரு சீசாவில் பிடித்துக் கொடுத்தால் போதும்.

மயில்வாகனத்தின் அங்கவஸ்திரம் நழுவியது. "டாக்டர் சார், நாங்க சைவ வழியில வந்த குடும்பம். அந்த மாதிரி அசிங்கத்தையெல்லாம் சீசாவுல புடிச்சிக்கினு தெருவுல நடக்கற வழக்கம் எங்ககிட்ட இல்ல. ரத்தத்துல பாக்க முடியாதா? ரத்தம்னா ஒரு கௌரவம் இருக்குது."

"ரத்தத்துல ஆண் ஹார்மோன் எவ்வளவு இருக்குன்னு பார்க்கலாம். புதுசா வந்திருக்கிற டெஸ்ட். ஆனா அது வேற, இது வேற. ஹார்மோன் குறைஞ்சிருந்தாலும் குழந்தை பிறக்கலாம். இருந்தும் பிறக்காமலும் போகலாம்."

"அதையே எடுத்துடுங்க."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "சரி. திங்கக்கிழமை மட்டும்தான் எடுக்கறோம். காலையில எட்டு மணிக்கு வந்துடணும். அந்த ஹார்மோன் காலையில அதிகமா இருக்கும், பொழுது போகப் போகக் குறையும். முந்தின ராத்திரி நல்லாத் தூங்கணும், பட்டினி கிடக்கக் கூடாது. அப்படியும் குறைவா வந்தா பயப்பட வேண்டாம், இன்னொரு தரம் எடுத்துப் பார்த்துட்டுத்தான் முடிவு சொல்லுவோம்."

மயில்வாகனம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். மேடையில் அடுத்தவர் பேசும்போது ஆட்டிப் பழகிய தலை. பின்னால் நின்ற தையல்நாயகி மட்டும் தலையாட்டவில்லை, கேட்டுக்கொண்டாள்.

அது கார்த்திகை மாசம். திங்கட்கிழமை என்றால் சோமவாரம், மாணிக்கவாசகம் சிறுவயதிலிருந்து விரதம் இருக்கும் நாள். டாக்டர் பட்டினி கூடாது என்றார் என்று தையல்நாயகி நினைவூட்டியபோது, "டாக்டரா வந்து மோட்சம் குடுக்கப் போறாரு?" என்றாள் காமாட்சியம்மாள். அதற்கு முந்தின ராத்திரி முழுவதும் அவன் தறிக்குழியை விட்டு எழவில்லை. யாரோ பெரிய மனுஷர் வீட்டு முகூர்த்தப் புடவை, திங்கள் காலையில் கொடுத்தாக வேண்டும் என்று தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

விடிந்ததும் புறப்படலாம் என்று தையல்நாயகி தலைவாரிக்கொண்டு நின்றாள். மயில்வாகனம் பஞ்சாங்கத்தை மூடினார்.

"ஏழரையிலேருந்து ஒம்போது வரைக்கும் ராகுகாலம். எட்டு மணிக்கு ரத்தம் குடுக்கறதாவது! தறியில பாவு ஏத்தறதுக்கே ராகுகாலம் பாக்கறோம். இது வம்ச ரத்தம்மா."

ஒன்பதுக்குமேல் புறப்பட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது எமகண்டம் நடந்துகொண்டிருந்தது. அது கழிந்ததும் டாக்டர் சாப்பிடப் போய்விட்டார். அவர் வருவதற்குள் குளிகை வந்துவிட்டது. குளிகையில் செய்த காரியம் மறுபடி மறுபடி நடக்கும் என்பார்கள். மறுபடி மறுபடி ரத்தம் கொடுக்க மயில்வாகனம் தயாராக இல்லை. மாணிக்கவாசகம் வெறும் வயிற்றோடு பெஞ்சில் சாய்ந்து தூங்கித் தூங்கி விழுந்தான். பொழுது சாய்கிற நேரத்தில், கதவைப் பூட்டப்போன ஊழியனைப் பிடித்து நிறுத்தினார் மயில்வாகனம்.

"காலையில எடுக்கணும்னு போட்டிருக்குதே சார்" என்றான் ஊழியன்.

"ரத்தம் இன்னா பசும்பாலாப்பா, காலையில ஒண்ணு சாயந்திரம் ஒண்ணு கறக்க? எடு."

எடுத்தான்.

மார்கழி பிறந்ததும் முடிவு தபாலில் வந்தது. மயில்வாகனம் கண்ணாடி போட்டுக்கொண்டு எண்களைப் படித்தார். மற்ற எழுத்துகள் இங்கிலீஷில் இருந்தன, எண்களுக்கு அந்தக் குறை இல்லை. மாணிக்கவாசகத்தின் பெயருக்கு நேரே இருநூற்றுப் பத்து. பக்கத்தில், சாதாரண ஆண்களுக்கு முந்நூறு முதல் ஆயிரம் வரை.

"ஆயிரத்துக்கு இருநூத்திப் பத்து" என்றார் நடுக்கூடத்தில் நின்று. "பாஸ் மார்க் முந்நூறு. நான் கணக்குலகூட பெயில் ஆனதில்லடா. நீ ஆம்பளையா இருக்கறதுல பெயில் ஆயிட்டு வந்து நிக்கிற."

காமாட்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாணிக்கவாசகம் தறியிலிருந்து எழவுமில்லை, நெய்யவுமில்லை. குறுக்கிழை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"மாமா" என்றாள் தையல்நாயகி, தூணுக்குப் பின்னாலிருந்து. "காலையில எடுக்கணும்னாரே டாக்டரு. குறைஞ்சா இன்னொரு வாட்டி பாக்கணும்னும் சொன்னாரு."

"பெயிலானவனுக்கு மறுபரீட்சை வைக்கச் சொல்லி நீ வேற சிபாரிசா? போம்மா உள்ள."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மகன் ரத்தம் மெட்ராஸுக்குப் போயிருப்பதை, விஞ்ஞான யுகம் பற்றிய தம் சொற்பொழிவொன்றில் மயில்வாகனமே உதாரணம் காட்டியிருந்தார். அன்று சாயந்திரமே, சங்கத்து வாசலில், எதிர்க்கட்சி அப்பாதுரை வழி மறித்தான்.

"இன்னா தலைவரே, சின்னவரு ரத்தம் பாஸா? தெருவே காத்துக்கினு இருக்குதுபா."

நாலு பேர் நின்று பார்த்தார்கள். மயில்வாகனம் மீசையைத் தடவிக்கொண்டார்.

"எழுநூறு" என்றார்.

"அடேங்கப்பா! எவ்வளவுக்கு?"

"ஆயிரத்துக்கு."

"பஸ்ட் கிளாஸுபா!"

பிள்ளையார்பாளையம் அந்த எண்ணை மரியாதையோடு வாங்கிக்கொண்டது. எழுநூறு என்றால் என்ன, எதில் எழுநூறு என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வேறு எந்த வீட்டிலும் அது இல்லை. வாசகசாலைக்கு வரும் கிழவர்கள் தங்கள் காலத்தில் தங்களுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று மதிப்புப் போட்டார்கள். ஆயிரத்துக்குக் கீழே யாரும் இறங்கவில்லை. மகனிடம் எழுநூறு இருக்க, குழந்தை இல்லையென்றால் குறை யாரிடம் என்பதைத் தெருவே கணக்குப் போட்டு முடித்துவிட்டது. குழாயடியில் பெண்கள் தையல்நாயகியின் குடத்துக்கு இடம் விடும்போதும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மார்கழி முழுவதும் மாணிக்கவாசகம் அவளிடம் வந்துகொண்டுதான் இருந்தான். இருநூற்றுப் பத்து வருவதற்கு முன்பு எப்படி வந்தானோ அப்படியே. எந்தக் குறையும் அவளுக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

தைப்பூசத்தன்று நல்ல நேரம் பார்த்து லேகியம் ஆரம்பித்தது. தென்னேரிப் பக்கத்து வைத்தியர் ஒருவர் கிண்டியது. கறுப்பாக, புளிக்குழம்பு தீய்ந்த வாசனையோடு இருந்தது. விடியற்காலையில் அப்பாவே ஒரு உருண்டை உருட்டி மகன் வாயில் போடுவார். லேகியம் பத்தியம் கேட்டது: நாற்பத்தெட்டு நாள் தனிப்படுக்கை. ஆண்மைக்குக் கொடுத்த மருந்து முதல் காரியமாக அவனை அவளிடமிருந்து பிரித்துக் கூடத்தில் படுக்கவைத்தது.

மாசியில் தையல்நாயகி தார் சுற்றிக்கொண்டிருந்தவள் எழுந்து ஓடி வாந்தி எடுத்தாள். லில்லி டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மார்கழியிலேயே தங்கியிருக்கும்மா. வீட்டுல எல்லாருக்கும் ஸ்வீட் குடு."

காமாட்சியம்மாள் மருமகளைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டியவள், பாதியில் நிறுத்தி விரல் மடக்க ஆரம்பித்தாள். கார்த்திகையில் ரத்தம். மார்கழியில் கரு. தைப்பூசத்தில் லேகியம். விரல்கள் மறுபடி விரியவில்லை.

அன்றைக்கு மாணிக்கவாசகம் அவளிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். தறிக்குழிக்குள் கால் தொங்க, பட்டிழையைப் பார்த்தபடி கேட்டான்.

"யாருது?"

தையல்நாயகிக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. விளங்கியதும் ராட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாங்க கேள்வி இது? மார்கழி மாசம் நீங்க எங்க இருந்தீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது தையலு. ரிசல்ட்ல இல்லியே."

அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பரீட்சையில் தோற்ற பையன், தான் எழுதிய விடை சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்தும், வாத்தியார் போட்ட சிவப்புக் கோட்டை நம்புவதுபோலச் சொன்னான்.

வெளியே மயில்வாகனம் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். வேறென்ன செய்வார்? எழுநூறு எடுத்த மகன். "சாதிச்சிட்டாருபா சின்னவரு!" என்று அப்பாதுரைகூட இரண்டு லட்டு எடுத்துக்கொண்டான். ஏழாம் மாசம் வளைகாப்பு, கட்சியின் மாவட்டப் பெரிய மனுஷர் சம்சாரத்தோடு வருகிறார், ஊரே சாப்பிட வேண்டும் என்று தெருவிலேயே அறிவித்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் மருமகள் வைத்த தண்ணீரைத் தொடாமல் மனைவியிடம் வேறு டம்ளர் கேட்டார்.

பங்குனி, சித்திரை அப்படியே போயின. வாசலில் அவள் வம்சம் விளங்க வந்த மகராசி. உள்ளே அவள் தட்டு தனியாகக் கழுவப்பட்டது. யார், எங்கே, எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லலாமே. தறி வீட்டுக்குப் பாவு நூல் கொண்டுவரும் ஆளை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

வைகாசியில் தையல்நாயகி முதன்முறையாகத் தூணுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் வளைகாப்புக்கு மணையில உக்கார மாட்டேன் மாமா."

"இன்னாது?"

"உக்கார மாட்டேன். வர்ற பெரியவங்க கேட்டா ஏன்னும் சொல்லுவேன். அவரை எங்கூட மெட்ராஸுக்கு அனுப்புனீங்கன்னா உக்காருறேன். டாக்டரு சொன்ன மாதிரி காலையில எட்டு மணிக்கு ரத்தம் எடுக்கட்டும். குறைவா வந்துச்சுன்னா நீங்க எங்க போவச் சொல்றீங்களோ அங்க போறேன்."

மயில்வாகனத்துக்கு நாற்காலி, பந்தல், மைக் செட்டு எல்லாம் கண்முன் வந்து போயின. "அழைப்பு அச்சாயிடுச்சிங்க" என்றாள் காமாட்சியம்மாள் மெதுவாக. அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமையே போய், சைதாப்பேட்டையில் தையல்நாயகியின் தாய் ஜெயம்மாளின் தங்கை வீட்டில் தங்கினார்கள். சித்தி சுடச்சுடச் சோறு போட்டாள். மாணிக்கவாசகம் தறிச்சத்தம் இல்லாத வீட்டில் பாய் விரித்ததும் தூங்கிப்போனான். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, ராகுகாலத்தின் நட்டநடுவில், கையை நீட்டினான். தையல்நாயகி அவன் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

முடிவு வந்த அன்று டாக்டரை நேரில் பார்க்க இருவருமே போனார்கள்.

"ஐந்நூத்தி நாப்பது" என்றார் டாக்டர் வரதராஜன். "நல்லாவே இருக்கு. போன தரம் எப்ப எடுத்தீங்க? சாயந்திரமா? விரதமா? ராத்திரி தூங்கவும் இல்லையா?" தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்படி எடுத்தா எனக்கே குறையும் சார். அந்த நம்பரை மறந்துடுங்க. இந்த ஒண்ணுக்காக நான் குழந்தைக்கு கியாரண்டி குடுக்க மாட்டேன், ஆனா அதுக்கு இப்ப அவசியமும் இல்ல போலிருக்கே" என்று தையல்நாயகியின் வயிற்றைக் காட்டிச் சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் மாணிக்கவாசகம் ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்தான். பூந்தமல்லியில் இறங்கி ஓடிப்போய் மல்லிகைப்பூ வாங்கி வந்தான். "பையனா இருந்தா ஏகாம்பரம்னு வைக்கலாமா?" என்றான். "பொண்ணா இருந்தா?" "நீயே வை." ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும், யாருக்கும் கேட்காமல், "என்னை மன்னிச்சிடு தையலு" என்றான். அவள் தலையை அவன் தோளில் சாய்த்துக்கொண்டு, காஞ்சிபுரம் வரும்வரை எடுக்கவில்லை. அந்த இரண்டு மணி நேரம்தான் அவளுக்கு.

மயில்வாகனம் எண்ணைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது.

"பாத்தியா! லேகியம் வேலை செஞ்சிருக்குது!"

மனைவி பக்கம் திரும்பினார்.

"இருநூத்திப் பத்துலேருந்து ஐந்நூத்தி நாப்பது. வைத்தியருக்கு ஒரு பொன்னாடை போடணும்."

"லேகியம் இல்ல மாமா" என்றாள் தையல்நாயகி. "மொதல்ல எடுத்ததுதான் தப்பு. சாயந்திரம் எடுத்ததால குறைஞ்சிச்சின்னு டாக்டரே சொன்னாரு."

"ராகுகாலத்துல எடுத்தா நல்லா வரும், நல்ல நேரத்துல எடுத்தா கெட்டுப்போவுமா? எந்த ஊரு நாயம்மா இது?" அவர் குரல் உயரவில்லை, மேடைக்கு ஏறியது. "மொதல் டெஸ்ட்டு தப்புன்னா அதே ஆஸ்பத்திரி, அதே மெஷினு, ரெண்டாவது மட்டும் எப்படி சரி? ரெண்டும் சரிதான். நடுவுல மருந்து. மருந்து ஆரம்பிச்சது தைப்பூசம். உனக்குத் தங்கினது மார்கழி." விரலை மடக்கினார். "அப்ப அவன் பெயிலு. இப்பத்தான் பாஸு."

அதில் ஒரு ஓட்டையும் இல்லை. தம் ராகுகாலம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதைத் தவிர வேறு எதையும் அவரால் நிரூபிக்க முடிந்தது.

தையல்நாயகி புருஷனைப் பார்த்தாள். டாக்டர் சொன்னது அவன் காதிலும் விழுந்திருந்தது. பூந்தமல்லி மல்லிகை இன்னும் அவள் தலையில் வாடவில்லை. "நீங்க சொல்லுங்க" என்றாள்.

மாணிக்கவாசகம் வாயைத் திறந்தான். அப்பாவைப் பார்த்தான். பிறகு தறியைப் பார்த்தான்.

"அப்பா சொல்றதும் ஒருவிதத்துல சரியாத்தான படுது" என்றான்.

அவள் தலையிலிருந்த பூவை எடுத்துத் தூணோரம் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆனி மாசம் வளைகாப்பு தடபுடலாக நடந்தது. வாக்குக் கொடுத்தபடி தையல்நாயகி மணையில் உட்கார்ந்தாள். மாவட்டத்துப் பெரிய மனுஷரின் சம்சாரம் முதல் வளையலைப் போட்டாள். மயில்வாகனம் மைக்கைப் பிடித்து, அறிவியலும் மரபும் கைகோத்த குடும்பம் இது என்றார், வம்ச ரத்தம் என்றார், கைதட்டினார்கள். வளைகாப்பு முடிந்தால் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்புவது வழக்கம். ஊர் எதிர்பார்த்ததும் அதுதான். வாசலில் பூச்சரம் கட்டிய கார் ஒன்று நின்றது. மாகறல் வரைக்கும் தலைவரே ஏற்பாடு செய்த கார்.

காமாட்சியம்மாள் உள்ளிருந்து ஒவ்வொன்றாகக் கொடுக்க, ஆட்கள் காரில் ஏற்றினார்கள். பித்தளை அண்டா, குடம், குத்துவிளக்கு, டிரங்குப் பெட்டி, பாய் தலையணை. பின்பக்கம் மூட முடியாமல் கயிறு போட்டுக் கட்டினார்கள். அண்டாவும் குடமும் முன்சீட்டில் ஏறின.

"பாருங்கபா, பிரசவத்துக்குப் போற பொண்ணுக்கு இவ்ளோ சீரு யாரு குடுப்பா!" என்றான் அப்பாதுரை நிஜமான பிரமிப்போடு. "நம்ம தலைவருக்குத்தான் அந்த மனசு!"

மயில்வாகனம் கை கூப்பினார்.

மாணிக்கவாசகம் கார் ஜன்னல் பக்கம் வந்து நின்றான். தையல்நாயகி கண்ணாடி வளையல் நிறைந்த கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"குழந்தையைப் பாக்க வருவீங்களா?"

"அப்பாவைக் கேட்டு எழுதறேன்" என்றான்.

கார் கிளம்பியது. தெரு முனை திரும்பும்வரை, வளைகாப்புக்கு வந்து மகளோடு ஏறியிருந்த ஜெயம்மாள் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். மகள் இப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறாளே என்ற பூரிப்பு அவள் முகத்தில் வழிந்தது. ஓரிக்கை தாண்டியதும், சம்பந்தி வீட்டார் என்னென்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசையில் முன்சீட்டை எட்டிப் பார்த்தாள். குடத்தைத் தொட்டாள். விளிம்பில் வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவினாள். அண்டாவையும் தடவிப் பார்த்தாள். பூரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"ஏண்டி தையலு" என்றாள். "இதெல்லாம் உன் கல்யாணத்துக்கு நாம குடுத்ததுதானே?"

"ஆமாம்மா" என்றாள் தையல்நாயகி.